எண்ணெய் சுமந்த நாடு: இரண்டாம் உலகப் போரில் நார்வேயின் வணிகக் கப்பல்கள்

1940 ஏப்ரல் 9 அன்று விடியுமுன் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தபோது, நார்வேயின் மிகப் பெரிய சொத்து நார்வேயில் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் வணிகக் கப்பல்களாக அது உலகக் கடல்களில் பரவிக் கிடந்தது. அவற்றில் 25,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இருந்தார்கள். ஜெர்மனியின் பிடிக்குள் போன வானொலி நிலையங்களிலிருந்து சில மணி நேரத்தில் அவர்களுக்கு உத்தரவு வந்தது: நாடு திரும்புங்கள், அல்லது இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளின் துறைமுகங்களில் ஒதுங்குங்கள். லண்டனிலிருந்து பிபிசி அதற்கு நேர்மாறாகச் சொன்னது: நேச நாட்டுத் துறைமுகங்களுக்கு வாருங்கள். கப்பலுக்குக் கப்பல், மேல்தட்டில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஊரில் மனைவி மக்கள் எதிரியின் கையில் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஜெர்மானியரின் எல்லைக்கு வெளியே இருந்த கப்பல்களில் ஒன்றுகூட அந்த உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை.

உலகப் போரில் ஒரு சிறிய நேச நாடு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகத் தேடும் விடை படைப்பிரிவுகளின் எண்ணிக்கையிலோ துணிச்சலான நாசவேலைகளிலோ இருக்கும். நார்வே என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1943 பிப்ரவரி இறுதியில் வெமோர்க் கனநீர் ஆலையைத் தகர்த்த இளைஞர் குழு. அந்தக் கதை திரைப்படமானது, நூல்களானது, பள்ளிப் பாடமானது. அவர்கள் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் போரின் போக்கில் நார்வே செலுத்திய உண்மையான கனம், ஆயுதப் பயிற்சி இல்லாத, சீருடை அணியாத, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த கப்பல் தொழிலாளிகளின் தோளில்தான் இருந்தது என்பது என் முடிவு. அந்த உழைப்பால் உயிர்பிழைத்த அரசு, அவர்களுக்குத் தரவேண்டிய கூலியைத் தர ஏறத்தாழ கால் நூற்றாண்டு மறுத்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நார்வேயின் போர்க்கால வரலாறு முழுமை பெறாது.

அன்று நார்வேயின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். விளைநிலம் குறைவு, கடற்கரை நீளம், எனவே பிறர் சரக்கை ஏற்றிச் செல்வதே தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைப்பு. போருக்கு முன் கப்பல் கொள்ளளவில் உலகில் நான்காம் இடம் நார்வேக்கு. எண்ணிக்கையைவிட முக்கியம் அந்தக் கப்பல்களின் தரம். 1920-களிலும் 30-களிலும் நார்வேயின் முதலாளிகள் பழைய நீராவிக் கப்பல்களை விட்டு டீசல் என்ஜின் கப்பல்களுக்கு மாறினார்கள். எண்ணெய் நிறுவனங்களோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தையே காட்டிக் கடன் வாங்கி டேங்கர்கள் கட்டினார்கள். 1939-இல் உலகின் டேங்கர் கொள்ளளவில் சற்றேறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. விமானமும் டாங்கியும் லாரியும் எண்ணெயில் ஓடிய போர் அது. பிரிட்டனிலோ சொல்லிக்கொள்ளும்படியான எண்ணெய்க் கிணறுகள் இல்லை. கடல் கடந்து வந்தால்தான் உண்டு.

மாலுமிகளுக்குக் கடற்போர் புதிதும் அல்ல. முதல் உலகப் போரில் நார்வே நடுநிலை வகித்தது. ஆனாலும் அதன் கப்பல்கள் பிரிட்டனுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று மூழ்கின, சுமார் 2,000 மாலுமிகள் இறந்தார்கள். அவர்களுக்காக ஸ்டாவர்ன் நகரில் 1926-இல் நினைவகம் எழுப்பப்பட்டது. பதினான்கே ஆண்டுகளில் அதே தொழிலுக்கு, அதே கடலில், அதே ஆபத்து மறுபடி வந்தது.

ஏப்ரல் 9 அதிகாலை நிகழ்வைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்தவை அனைத்துக்கும் சட்ட அடிப்படை அங்கேதான் உருவானது. ஆஸ்லோவைக் கைப்பற்ற வந்த ஜெர்மன் போர்க்கப்பல் ப்ளூஷர், ட்ரேபாக் நீரிணையின் குறுகிய வாயில் நுழைந்தது. அங்கே ஆஸ்கார்ஸ்போர்க் என்ற பழைய கோட்டை. அதன் பீரங்கிகள் அரை நூற்றாண்டுப் பழமையானவை, இயக்கியவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் படையில் சேர்ந்தவர்கள். தலைவர் பீர்கர் எரிக்சனுக்கு வயது 64. மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை வராத நிலையில் அவர் சுடச் சொன்னார். பீரங்கிக் குண்டுகளும் கரையிலிருந்து ஏவிய டார்பிடோக்களும் ப்ளூஷரை மூழ்கடித்தன. ஆஸ்லோ விழுவது பல மணி நேரம் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் மன்னர் ஏழாம் ஹாக்கன், அமைச்சரவை, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ரயிலேறி வடக்கே தப்பினார்கள். மத்திய வங்கியில் இருந்த சுமார் 50 டன் தங்கம் லாரிகளில் ஏறியது. ரயிலிலும் மீன்பிடிப் படகுகளிலும் மாறி மாறிப் பயணித்து, ஏறக்குறைய முழுவதுமாக நாட்டை விட்டு வெளியேறியது.

நார்வேயின் நாஜி ஆதரவாளர் க்விஸ்லிங்கைப் பிரதமராக ஏற்கும்படி ஜெர்மனி கேட்டது. தன் மனச்சாட்சி இடம் தராது, அரசு ஏற்பதாயின் தான் முடி துறப்பேன் என்று மன்னர் மறுத்தார். ஓடிக்கொண்டே இருந்த அமைச்சரவை ஏப்ரல் 22 அன்று ரூம்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஸ்டூகுஃப்ளோட்டன் என்ற சிற்றூரில் கூடி ஓர் அவசரச் சட்டம் போட்டது. ஜெர்மானியரிடம் சிக்காத நார்வே வணிகக் கப்பல்கள் அனைத்தையும் அரசே எடுத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த சில அமைச்சர்கள் போட்ட இந்தக் கையெழுத்து, போரில் நார்வே எடுத்த முடிவுகளிலேயே அதிக விளைவை உண்டாக்கியது. ஜூன் 7 அன்று மன்னரும் அரசும் ட்ரம்சோவிலிருந்து கப்பலேறி லண்டன் போனபோது, அவர்களுக்கு நிலம் இல்லை, பெரிய படை இல்லை. ஆனால் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனம் இருந்தது.

அந்த நிறுவனத்துக்கு நார்ட்ராஷிப் என்று பெயர். லண்டனிலும் நியூயார்க்கிலும் தலைமை அலுவலகங்கள், உலகத் துறைமுகங்களெங்கும் கிளைகள். ஓய்விண் லோரென்ட்சன் அதன் முதல் தலைவர். அது அமைந்த விதத்தில் ஒரு சிறு நாட்டின் அரசியல் சாமர்த்தியம் தெரிகிறது. பிரிட்டனுக்கு அந்தக் கப்பல்கள் வேண்டியிருந்தன. எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் கொடியின் கீழ் ஓட்டினால் அதற்கு வசதி. நார்வே அதற்கு இணங்கவில்லை. கப்பல் நம்முடையது, கொடி நம்முடையது, மாலுமி நம்மவன், உங்களுக்கு வாடகைக்குத் தருகிறோம் என்ற ஏற்பாட்டில் உறுதியாக நின்றது. நாட்டை இழந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள், அடைக்கலம் தந்தவரிடமே வாடகை பேசினார்கள். இதைப் பேராசை என்று அன்று சில பிரிட்டிஷ் அதிகாரிகள் எரிச்சல்பட்டிருக்கலாம். எனக்கு இதில் இறையாண்மையின் சாரமே தெரிகிறது. அந்த வாடகைப் பணத்தில்தான் நாடுகடந்த அரசு நடந்தது, கனடாவின் டொராண்டோவில் விமானிகளுக்குப் பயிற்சி முகாம் எழுந்தது, கடற்படையும் தூதரகங்களும் இயங்கின. லண்டனில் குடியிருந்த மற்ற அரசுகள் பலவும் கடனில் வாழ்ந்தபோது, நார்வே தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. பேச்சுவார்த்தை மேசையில் அதன் குரலுக்கு இருந்த மதிப்பு அங்கிருந்து பிறந்தது.

இனி அந்தப் பணத்தை ஈட்டியவர்களிடம் வருவோம்.

1941-42 வாக்கில் பிரிட்டனுக்கு வந்த எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை நார்வே டேங்கர்கள் கொண்டுவந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் கப்பல்களின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதை அவை சுமந்த சரக்கே தீர்மானித்தது. இரும்புத் தாது ஏற்றிய கப்பலில் டார்பிடோ பாய்ந்தால் இரண்டொரு நிமிடத்தில் மூழ்கிவிடும், படகை இறக்கவும் நேரம் இருக்காது. மரம் ஏற்றிய கப்பல் அடிபட்டும் மணிக்கணக்கில் மிதக்கும். கச்சா எண்ணெய் ஏற்றிய டேங்கர் சில வேளை பிழைக்கும், ஆனால் தண்ணீரில் குதித்தவனின் கண்ணையும் நுரையீரலையும் எண்ணெய் அடைக்கும். விமான எரிபொருள் ஏற்றிய டேங்கர் அடிபட்டால் கப்பலைச் சுற்றிய கடலே எரியும். விமான எரிபொருள் டேங்கரில் இருந்தவர்கள் உடையைக் கழற்றாமல் தூங்கினார்கள், முடிந்தவர்கள் மேல்தட்டிலேயே படுத்தார்கள். என்ஜின் அறையில் முறைவேலை பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மேலே ஏற நீண்ட இரும்பு ஏணி மட்டுமே இருந்தது.

வட ஆப்பிரிக்காவில் இருந்த நேசப் படைகளுக்கு எண்ணெய் கொண்டுபோக 1942 டிசம்பர் இறுதியில் டிரினிடாடிலிருந்து ஒன்பது டேங்கர்கள் ஒரு வரிசையாகப் புறப்பட்டன. பாதுகாப்புக்கு நான்கே போர்க்கப்பல்கள். ஜனவரியில் நீர்மூழ்கிகள் சூழ்ந்துகொண்டு ஏழு டேங்கர்களை மூழ்கடித்தன. மூழ்கியவற்றில் மினிஸ்டர் வெடல், ஆல்பர்ட் எல். எல்ஸ்வர்த் ஆகிய நார்வே டேங்கர்களும் அடக்கம். கரைசேர்ந்த இரண்டில் ஒன்று நார்வேயின் வான்யா.

மாஸ்டேல் என்ற பழம் ஏற்றும் கப்பலின் கதை வேறு விதம். வேகமான சிறு கப்பல் அது. போர்க்காலத்தில் அட்லாண்டிக்கை 98 முறை கடந்தது. அதன் வானொலி அலுவலர் ஃபெர்ன் ப்ளாட்ஜெட் கனடாவைச் சேர்ந்த இளம்பெண். பெண் என்பதால் தன் நாட்டுக் கப்பல்களில் வேலை மறுக்கப்பட்ட அவர், 1941-இல் நார்வே கப்பலில் சேர்ந்து போர் முடியும்வரை பணியாற்றினார். அந்தக் கப்பலின் தலைவரையே மணந்தார், நார்வேயின் போர்ப் பதக்கமும் பெற்றார். நார்வே கொடியின் கீழ் பணியாற்றியவர்கள் எல்லோரும் நார்வேஜியர் அல்லர் என்பதற்கு அவர் ஒரு சாட்சி. ஸ்வீடன், டென்மார்க், பிரிட்டன், கனடா நாட்டவரும் ஆயிரக்கணக்கான ஆசியர்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். ஆசியர்களில் பெரும்பான்மையினர் சீனர்கள், இந்தியரும் உண்டு. இறந்தவர்களைக் கணக்கிடும்போது இவர்களைச் சேர்க்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

நம் வங்காள விரிகுடாவும் இந்தக் கதையில் வருகிறது. 1940 நவம்பர் 9, 10 தேதிகளில், வணிகக் கப்பல் வேடமிட்டுத் திரிந்த ஜெர்மன் போர்க்கப்பல் அட்லாண்டிஸ் அங்கே டெடி, ஓலே ஜேக்கப் என்ற இரண்டு நார்வே டேங்கர்களை அடுத்தடுத்துப் பிடித்தது. மறுநாள் ஆட்டோமெடான் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தபோது, தூரக்கிழக்கில் பிரிட்டனின் பலவீனத்தை விவரிக்கும் இரகசிய அறிக்கை கிடைத்தது. பிடிபட்ட ஓலே ஜேக்கப்பில் ஏற்றித்தான் அந்த ஆவணங்களை ஜெர்மானியர் ஜப்பானின் கோபே துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஓராண்டுக்குப் பின் மலாயா, சிங்கப்பூர் மீது ஜப்பான் பாய்ந்ததில் இந்த அறிக்கைக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நேச அணிக்கு எண்ணெய் சுமந்த ஒரு கப்பல், பிடிபட்டதும் எதிரிக்கு இரகசியம் சுமந்தது. கப்பல் என்பது யார் கையில் இருக்கிறதோ அவர் பலம். ஏப்ரல் 1940-இல் அந்த ஆயிரம் கப்பல்களும் வேறு திசையில் திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இந்த ஒரு கப்பலைக் கொண்டு ஊகிக்கலாம்.

ஸ்வீடனின் கோதன்பர்க்கில் அடைபட்டுக் கிடந்த நார்வே கப்பல்களை மீட்கும் முயற்சியையும் குறிப்பிட வேண்டும். பிரிட்டனின் ஆயுத ஆலைகளுக்கு ஸ்வீடனின் உயர்தர எஃகும் பந்துத் தாங்கிகளும் தேவைப்பட்டன. 1941 ஜனவரியில் ஐந்து கப்பல்கள் ஜெர்மன் காவலைத் தாண்டித் தப்பின. 1942 ஏப்ரல் 1 அன்று பத்துக் கப்பல்கள் முயன்றபோது ஜெர்மானியர் காத்திருந்தார்கள். பிரிட்டன் சேர்ந்தவை இரண்டு, துறைமுகத்துக்கே திரும்பியவை இரண்டு, மற்றவை மூழ்கின. பிடிபட்டவர்கள் ஜெர்மன் முகாம்களுக்குப் போனார்கள்.

மாலுமிகளைக் கரைத்தது டார்பிடோ மட்டுமல்ல. போர்வீரனுக்கு விடுப்பு உண்டு, முகாம் உண்டு, போர்முனையிலிருந்து பின்வாங்கும் நாள் உண்டு. இவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் வீடு இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் வழியாகச் சில வரிச் செய்தி எப்போதாவது வரும். ஒரு கப்பல் மூழ்கிப் பிழைத்தவர் அடுத்த கப்பலில் ஏறியாக வேண்டும். மறுத்தால் தண்டனை. மூன்று முறை, நான்கு முறை கப்பல் மூழ்கிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள்.

1944 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் பெர்கன் நகரின் லாக்ஸ்வோக் பகுதியில் இருந்த ஜெர்மன் நீர்மூழ்கித் தளத்தைத் தாக்கின. தடித்த கான்கிரீட் கூரைக்கு அதிகச் சேதமில்லை. குண்டுகள் ஊருக்குள் விழுந்து 193 பொதுமக்கள் இறந்தனர், அவர்களில் 61 பேர் ஹோலன் பள்ளிக் குழந்தைகள். பெர்கன் கப்பலோட்டிகளின் ஊர். தம்மை வேட்டையாடும் நீர்மூழ்கிகள் பழுது பார்க்கப்படும் இடம் தம் சொந்த ஊரிலேயே இருந்தது. அதை அழிக்க வந்த விமானங்கள் பறந்தது தம் போன்றோர் உயிரைப் பணயம் வைத்துச் சுமந்த எரிபொருளில்தான். குண்டு விழுந்தது அங்கிருந்த பிள்ளைகள்மீது. சிறிய நேச நாட்டின் நிலை என்ன என்று எந்தப் படைத்தலைமை அறிக்கையும் இவ்வளவு கொடூரமாகச் சொல்லவில்லை. அந்த நாட்டின் உழைப்பு கூட்டணிக்கு வேண்டும், ஆனால் குண்டு எங்கே விழ வேண்டும் என்ற முடிவில் அதற்குச் சமபங்கு கிடையாது.

போர் முடிந்தபோது நார்ட்ராஷிப்பின் கப்பல்களில் ஏறத்தாழ பாதி, சுமார் 500, கடலடியில் கிடந்தன. அவற்றில் பணியாற்றிய 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ஜெர்மானியரின் பிடியிலிருந்த கரையோரக் கப்பல்களில் வேலை செய்து, நேச நாட்டுத் தாக்குதலிலேயே மாண்டவர்களும் உண்டு. போரில் இறந்த நார்வேஜியர் மொத்தம் சுமார் 10,000 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடலில் போனவர்கள்.

இனிச் சம்பளக் கணக்கு. போர் தொடங்கியபோதே நார்வே மாலுமிகளின் சங்கம் பேரம் பேசி நல்ல போர்க்கால அபாயப் படி வாங்கியிருந்தது. பிரிட்டிஷ் மாலுமியின் படி அதைவிடக் குறைவு. 1940-இல் நார்வே கப்பல்கள் பிரிட்டனின் சேவைக்கு வந்ததும் பிரிட்டன் அழுத்தம் கொடுத்தது: உங்கள் ஆட்களுக்கு அதிகம் கொடுத்தால் எங்கள் ஆட்களும் கேட்பார்கள், குறையுங்கள். குறைத்தார்கள். வேறுபாட்டுத் தொகையைத் தனி நிதியாகச் சேர்த்து வைக்க ஏற்பாடானது. பிரிட்டிஷ் தொழிலாளிகளுக்குத் தெரியக்கூடாது என்பதால் இரகசிய நிதி. போர் முடிந்ததும் அவரவர் பங்கு அவரவர் கைக்கு வரும் என்றே மாலுமிகள் நம்பினார்கள். அப்படி நம்பும் விதத்தில்தான் அவர்களிடம் பேசப்பட்டது.

போர் முடிந்தது. நிதியில் 4 கோடி குரோனருக்கு மேல் இருந்தது. தனித்தனியே பிரித்துக் கொடுப்பதில்லை, வறுமையில் வாடும் மாலுமிகளுக்கும் விதவைகளுக்கும் உதவியாக மட்டும் தருவோம் என்று அரசும் நாடாளுமன்றமும் முடிவு செய்தன. மாலுமிகள் சங்கத்தின் தலைமையே இதற்கு உடன்பட்டது. தாம் உழைத்த கூலியை ஏழைச் சான்று காட்டி வாங்க வேண்டும் என்றால் யார்தான் பொறுப்பார்கள்? மாலுமிகள் வழக்குப் போட்டார்கள். 1954-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். இதற்கிடையில் கப்பல் முதலாளிகளின் கணக்கு ஒழுங்காகத் தீர்க்கப்பட்டது. மூழ்கிய கப்பல்களுக்கான ஈட்டுத்தொகையைக் கொண்டு புதுக் கப்பல்கள் கட்டினார்கள். 1940-களின் முடிவுக்குள் நார்வேயின் கப்பல் கொள்ளளவு போருக்கு முந்தைய அளவை எட்டிவிட்டது. இரும்புக்கு ஈடு கிடைத்தது, ஆட்களுக்குக் கிடைக்கவில்லை.

அரசின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாடு சிதைந்திருந்தது, அந்நியச் செலாவணி அருமையாக இருந்தது, வடக்கே ஃபின்மார்க்கின் பெரும்பகுதி எரிக்கப்பட்டிருந்தது. ஊரில் பட்டினி கிடந்தவர்கள், கடலில் இருந்தவர்கள் நல்ல சம்பளம் வாங்கினார்கள் என்று எண்ணினார்கள். சமமாகப் பகிர்வதே புதிய சமூகத்தின் அடையாளம் என்று தொழிற்கட்சி நம்பியது. இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் சமத்துவத்தின் செலவை ஒரு பிரிவினரின் பிடித்தம் செய்யப்பட்ட சம்பளத்தில் மட்டும் ஈடுகட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

1950, 60-களில் இந்த மனிதர்கள் உடைந்துகொண்டிருந்தார்கள். தூக்கமின்மை, கெட்ட கனவு, குடி, நடுக்கம், அகால முதுமை. சோம்பேறி, குடிகாரன் என்ற பட்டம் கிடைத்தது. நார்வே மருத்துவர்கள் வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்தபோது கண்ட அறிகுறிகள் இவர்களிடமும் தென்பட்டன. மருத்துவர் ஃபின் ஆஸ்கவோல்ட் 1970-களில் இதைப் போர் மாலுமி நோய்த்தொகுதி என்றே பெயரிட்டு எழுதினார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க மருத்துவக் கையேட்டில் 1980-இல் இடம்பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் வந்த ஆய்வு இது. அடிபடும் நொடியைவிட, அடிபடுவோமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததே அவர்களை அதிகம் சிதைத்தது என்ற கருத்து இந்த ஆய்வுகளில் வலுப்பெற்றது.

தானும் போர்க்கால மாலுமியாக இருந்த லெய்ஃப் வெட்லெசன் போன்றோரின் இடைவிடாத முயற்சியால் 1972-இல் நாடாளுமன்றம் இறங்கி வந்தது. 15.5 கோடி குரோனர் ஒதுக்கியது. கடலில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 180 குரோனர் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். கருணைத் தொகை என்ற பெயரில் கொடுத்ததால், பாக்கி வைத்திருந்தோம் என்று அரசு ஒப்புக்கொண்டதாக ஆகவில்லை. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். 2013-இல்தான் பாதுகாப்பு அமைச்சர் ஆனே-கிரேட்டே ஸ்ட்ரோம்-எரிக்சன் அரசின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கனநீர் ஆலைக் குழுவின் பெயர்கள் ஊரறிந்தவை. ஒரு குழு, ஓர் இரவு, ஒரு வெற்றி என்பதால் அதைச் சொல்வது எளிது. ஐந்து ஆண்டுகள் தினமும் ஒரே வேலையைச் செய்த பல்லாயிரம் பேரைப் பற்றிச் சொல்ல வரலாற்றுக்கு வேறு கருவி வேண்டும். கிறிஸ்டியான்சாண்டில் உள்ள ஆர்க்கிவெட் நிறுவனம் இன்று அந்தக் கருவியைச் செய்துகொண்டிருக்கிறது. கப்பல் கப்பலாக, ஆள் ஆளாகப் பதிவேடு. பெயர், வேலை, ஏறிய நாள், இறங்கிய நாள், கப்பல் மூழ்கிய இடம். நார்வே கொடியின் கீழ் பணியாற்றிய வெளிநாட்டவரும் அதில் சேர்க்கப்படுகிறார்கள்.